மெக்சிக்கோவின் விழா நாட்கள்

ஒரு நாட்டு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர், அவர்கள் எந்த நாட்களைத் தேசிய விழாவாகப் போற்றுகின்றனர், யாரை நினைந்து போற்றுகின்றனர் என்று ஆராய்தல் வேண்டும். மெக்சிக்கோ நாட்டார் கொண்டாடும் நாட்கள் இவ்வகையில் நாம் ஆழ்ந்து நோக்கத் தக்கவையாம்.

மெக்சிக்கோ முந்நூறு ஆண்டுகள் ஸ்பானியரின் ஆட்சிக்கு உட்பட்டுக் கிடந்தது. 1810 செப்டம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், டோலோரஸ் என்னும் சிற்றூரின் பாதிரியார் மிகுவேல் இதால்கோ கோயில் மணியை ஒலிக்கச் செய்து மக்களைத் திரட்டினார். வழிபாட்டுக்கு அழைத்து வந்த மணி அன்று விடுதலைக்கு அழைத்தது. கவணும் தடியும் ஏந்திய ஏழைகள் அவர்பின் சென்றனர். அடிமைகளை விடுவிக்குமாறு அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆணை பிறப்பித்தார். ஆயின் 1811 ஜூலையில் பகைவர் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் தலையைக் குவானஹுவாட்டோ நகரின் தானியக் களஞ்சியச் சுவரில் தொங்கவிட்டனர்.

விடுதலை கைகூடியதோ 1821 செப்டம்பர் 27ஆம் நாள். அன்று படையுடன் தலைநகருள் புகுந்த இதூர்பிதே, முன்னர் ஸ்பானிய மன்னரின் படையில் நின்று புரட்சிக்காரரை வேட்டையாடியவர். மறு ஆண்டே அவர் தமக்கு முடி சூட்டிக்கொண்டார். அம்முடி ஓராண்டும் நிலைக்கவில்லை. வெற்றி கண்ட அந்நாளை மக்கள் பெருவிழாவாக ஏற்கவில்லை. தோற்று மாண்ட பாதிரியார் மணியடித்த நாளையே ஏற்றனர். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1813இல், மொரேலோஸ் என்னும் மற்றொரு பாதிரியார் செப்டம்பர் 16ஐ ஆண்டுதோறும் போற்றவேண்டுமென்று எழுதி வைத்தார். இன்றும் செப்டம்பர் 15 இரவில் தலைநகரில் நாட்டின் தலைவர் அரண்மனை மாடத்தில் நின்று டோலோரஸ் மணியை அடிப்பது வழக்கம்.

மே 5ஐ விடுதலை நாளென வெளிநாட்டார் பலர் கருதுகின்றனர்; அது பிழை. 1861இல் பழங்குடியில் பிறந்த ஜனாதிபதி பெனித்தோ ஹுவாரெஸ் அந்நியக் கடனுக்குரிய தவணைகளை இரண்டாண்டு நிறுத்திவைத்தார். இங்கிலாந்தும் ஸ்பெயினும் பிரான்சும் படை அனுப்பின. முதலிரண்டும் திரும்பிவிட, பிரெஞ்சுப் படை மட்டும் முன்னேறியது. 1862 மே 5இல் பியூப்ளா நகரில் சரகோசா தலைமையிலான படை அதனை முறியடித்தது. அந்நாளே மே 5.

அன்று அங்குப் போரிட்டவருள் ஒருவர் போர்ஃபீரியோ டியாஸ். அவரே 1876இல் ஆட்சியைக் கைப்பற்றி, முப்பதாண்டுக்கு மேல் நாட்டைத் தம் கைக்குள் வைத்திருந்தார். அவர் காலத்தில் பெருந்தோட்டத் தொழிலாளர் பலர், முதலாளியின் கடையில் பற்று வைத்துப் பொருள் வாங்கி, கடனால் கட்டுண்டு கிடந்தனர். தந்தையின் கடன் மகன் தலையில் ஏறியது. 1910 செப்டம்பரில் டியாஸ் விடுதலையின் நூற்றாண்டு விழாவை அயல்நாட்டு விருந்தினர் வியக்க நடத்தினார். இரண்டே மாதத்தில், நவம்பர் 20ஆம் நாள் மக்கள் எழவேண்டுமென மதேரோ அறைகூவினார். அந்நாளும் பின்னர் தேசிய விழாவாயிற்று. நிலம் கேட்டுச் சப்பாட்டாவின் பின் உழவர் திரண்டனர். 1911 மே மாதம் டியாஸ் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார்.

1917 பிப்ரவரி 5இல் பிறந்த அரசியல் சட்டம் எட்டு மணி நேர வேலையையும் வேலைநிறுத்த உரிமையையும் வகுத்தது. முதலாளிக்குத் தொழிலாளி பட்ட கடனைக் குடும்பத்தாரிடம் கேட்கலாகாது; ஒரு மாதக் கூலிக்கு மேற்பட்ட கடனை வசூலிக்கலாகாது; இன்ன கடையிலேதான் வாங்கவேண்டுமெனக் கட்டாயப்படுத்தலாகாது என்றும் விதித்தது. பிப்ரவரி 5உம் விழா நாளே.

நூற்றாண்டு விழா எடுத்த டியாஸிடம் கொடிக்கும் விளக்குக்கும் குறைவில்லை. கடனில் கிடந்த தொழிலாளிக்கோ அவ்விழாவால் பயன் யாது? மணியை அடிப்பவர் ஆட்சியாளர். அதைக் கேட்பவர் மக்கள். டோலோரஸில் அது யாருக்காக ஒலித்தது என்பதை மக்கள் மறவாதிருக்கும் வரையில், அவ்விழா ஆள்வோரை அளக்கும் கோலாகவே நிற்கும் என்பது நம் துணிபு.