முகப்பு விளக்கை மாற்றுவது யார் கையில்?

காரின் முகப்பு விளக்கு ஒன்று எரியாமற்போவது முப்பது வருடங்களுக்கு முன்னர் மிகச் சிறிய விடயம். வீதியோரத்து உதிரிப்பாகக் கடையில் ஒரு மின்குமிழை வாங்கி, விளக்கின் பின்புறத்து இறப்பர் மூடியைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பெரும்பாலான சாரதிகள் அதைத் தாமே செய்துகொண்டார்கள். தூரப் பயணம் போகிறவர்கள் ஒரு குமிழைக் கையோடு எடுத்துச் செல்வார்கள். இன்று அதே வேலைக்குக் காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோய், முன்பகுதியைக் கழற்றி, பெரிய தொகை ஒன்றைச் செலுத்தவேண்டியவர்களாகப் பலர் இருக்கிறார்கள். சாரதியின் கையிலிருந்த ஒரு வேலை எப்படி அவர் கையைவிட்டுப் போனது? இதற்கு விடை காணவேண்டுமானால் நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றைப் புரட்டவேண்டும்.

ஆரம்பகால மோட்டார் வாகனங்களில் குதிரை வண்டிகளுக்குரிய எண்ணெய் விளக்குகளே தொங்கின. அவை வீதியைக் காட்டுவதற்காக அல்ல, வண்டி வருகிறது என்று மற்றவர்களுக்கு அறிவிப்பதற்காகவே பயன்பட்டன. வேகம் கூடியபோது அசெற்றலீன் விளக்குகள் வந்தன. நம்மூரில் மாங்காய்களைக் குறுக்கு வழியிற் பழுக்க வைப்பதற்குச் சில வியாபாரிகள் பயன்படுத்தும் காபைட் கல்தான் அந்த விளக்கின் எரிபொருள். ஒரு பாத்திரத்திலுள்ள காபைட்டின் மீது நீர் சொட்டுச் சொட்டாக விழும். அப்போது எழும் வாயு குழாய் வழியாக விளக்குக்குச் செல்லும். சாரதி இறங்கிப்போய்த் தீக்குச்சியால் அதை ஏற்றுவார். பயணம் முடிந்ததும் பாத்திரத்தில் எஞ்சிய சுண்ணாம்புச் சேற்றைக் கழுவித் துடைப்பதும் அவருடைய வேலையே.

அந்தத் தொல்லையைக் குறைப்பதற்காக, வாயுவை உருளைகளில் அடைத்து விற்கும் பிரெஸ்ட்-ஓ-லைட் என்ற நிறுவனம் 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. அதை நடத்திய கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் அலிசன் ஆகிய இருவருமே 1909ஆம் ஆண்டு புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் மோட்டார் பந்தயத் திடலை அமைத்தவர்களிலும் முக்கியமானவர்கள். கார்களுக்கு வெளிச்சம் விற்றுச் சம்பாதித்தவர்கள் அந்தப் பந்தயத் திடலுக்கும் பணம் போட்டார்கள் என்பது சுவையான ஒரு வரலாற்றுச் செய்தி.

மின்சாரம் வந்ததும் வாயு விளக்குகளின் காலம் முடிவடையத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார் மின்சாரத்தால் இயந்திரத்தை இயக்கும் வசதியையும் மின்விளக்குகளையும் சேர்த்தே கொண்டுவந்தது. 1915ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனத்தின் மொடல் ரி காருக்கும் மின்சார முகப்பு விளக்குகள் கிடைத்தன. அவற்றுக்கான மின்சாரம் இயந்திரத்தின் மக்னீற்றோவிலிருந்து வந்ததால், கார் மெதுவாகப் போகும்போது விளக்கும் மங்கிவிடும். பள்ளமும் திட்டியுமான வீதியிற் கவனமாக ஊர்ந்து செல்லும் வேளையில்தான் வெளிச்சம் குறைந்தது என்பது அந்தக் காலத்துச் சாரதிகளின் சோதனை.

விளக்குகள் பிரகாசமானதும் மற்றொரு பிரச்சினை எழுந்தது. எதிரே வருபவரின் கண் கூசியது. முகப்பு விளக்கின் முழு வரலாற்றையும் இந்த ஒரு முரண்பாட்டுக்குள் அடக்கிவிடலாம். எனக்குத் தூரம் தெரியவேண்டும். எதிரே வருபவர் குருடாகிவிடவும் கூடாது. 1920களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகளை வைத்து, உயர்த்திய ஒளியையும் தாழ்த்திய ஒளியையும் அதிலிருந்தே பெறும் வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பைலக்ஸ் என்பது அதன் பெயர். வாகனமொன்று எதிர்ப்படும்போது ‘டிம்’ அடிக்கும் நம்முடைய பழக்கத்துக்கு வசதி செய்துகொடுத்த குமிழ் அதுதான்.

அமெரிக்கா வேறொரு பாதையிற் சென்றது. 1940ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து ‘சீல்ட் பீம்’ எனப்படும் முத்திரையிட்ட விளக்கு அங்கே கட்டாயமாக்கப்பட்டது. கண்ணாடி, தெறிப்பாடி, இழை ஆகிய மூன்றும் ஒரே உடலாக அடைக்கப்பட்ட அந்த விளக்கு ஏழு அங்குல விட்டமுடையது. இழை அறுந்தால் முழு விளக்கையும் எறிந்துவிடவேண்டும். வீண்செலவு போலத் தோன்றும் இந்த முறையில் பெரிய நன்மை ஒன்று ஒளிந்திருந்தது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் விளக்கு ஒன்றே. நாட்டின் எந்தச் சிற்றூர்க் கடையிலும் அது மலிவாகக் கிடைத்தது. ஒரு திருப்புளி இருந்தால் யாரும் மாற்றலாம். பின்னர் நான்கு விளக்குகளுக்கும் சதுர வடிவங்களுக்கும் அனுமதி கிடைத்தபோதிலும், குமிழை மட்டும் கழற்றி மாற்றும் முறைக்கு 1983ஆம் ஆண்டு வரை அமெரிக்கா இடங்கொடுக்கவில்லை. அந்தக் கடுமையான விதி நல்ல வெளிச்சத்தின் வருகையைத் தாமதப்படுத்தியது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயமும் இருக்கிறது.

ஏனெனில், ஐரோப்பா அதற்கிடையில் ஹலோஜன் குமிழுக்கு மாறிவிட்டது. சாதாரணக் குமிழில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து அதைக் கறுப்பாக்கும். உள்ளே சிறிதளவு ஹலோஜன் சேர்த்தால் அந்த ஆவி மீண்டும் இழைக்கே திரும்பும். குமிழ் கறுக்காது, இழையை மேலும் சூடாக்கி அதிக ஒளி பெறலாம். 1962ஆம் ஆண்டு எச்1 குமிழும், 1971ஆம் ஆண்டு இரண்டு இழைகள் கொண்ட எச்4 குமிழும் வந்தன. எச்4 என்று கேட்டால் கொழும்பிலும் கிடைக்கும், பாரிஸிலும் கிடைக்கும். வெளிச்சமும் கூடியது, மாற்றும் வேலையும் சாரதியின் கையிலேயே இருந்தது. முகப்பு விளக்கின் வரலாற்றில் சாரதிக்கு மிகவும் சாதகமாக இருந்த காலம் இதுவே என்பது என் கருத்து.

இதன்பிறகு அரங்குக்கு வந்தது செனன். 1898ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சேயும் மொரிஸ் ட்ராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரே வருடத்தில் மூன்று புதிய வாயுக்களைக் கண்டார்கள். கிரேக்க மொழியில் மறைந்திருப்பது, புதியது, அந்நியன் என்ற பொருளில் அவற்றுக்கு முறையே கிரிப்டன், நியோன், செனன் என்று பெயரிட்டார்கள். ஒரு கோடி பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாத இந்த அந்நியன், 1991ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூவின் 7 வரிசைக் காரில் முகப்பு விளக்காக முதன்முதலில் வீதிக்கு வந்தான்.

செனன் விளக்கில் இழையே கிடையாது. பட்டாணிக் கடலை அளவான குவார்ட்ஸ் கூட்டுக்குள் இரண்டு மின்வாய்கள் சுமார் நான்கு மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஓர் அதிர்வு அந்த இடைவெளியைத் தாண்டும்போது மின்வில் உண்டாகும். அதற்குப் பின்னர் 85 வோல்ட் அளவிலேயே விளக்கு எரியும். உண்மையில், சூடேறிய பின்னர் பெரும்பங்கு ஒளியைத் தருவது உள்ளேயிருக்கும் உலோக உப்புகளே. செனனின் பணி, குமிழ் குளிர்ந்திருக்கும் முதற்கணத்திலேயே ஒளி கொடுப்பதாகும். வீதி விளக்குகளைப் போலச் சில நிமிடங்கள் காத்திருந்து பிரகாசிக்கும் விளக்கைக் காரில் வைக்க இயலாதல்லவா? 55 வாட் எச்7 ஹலோஜன் குமிழ் 1500 லூமன் ஒளி தரும்போது, 35 வாட் டி2எஸ் செனன் குமிழ் 3200 லூமன் தரும். மின்சாரம் குறைவு, ஒளி இரண்டு மடங்கு, ஆயுளும் பல மடங்கு. விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆனால், கண் கூசும் பழைய பிரச்சினையும் இரண்டு மடங்காயிற்று. அதனால் 2000 லூமனுக்கு மேற்பட்ட விளக்குகளுக்கு, பின் இருக்கையிற் பாரம் ஏறினாலும் ஒளி மேலே எழாதபடி தானாகவே சரிசெய்யும் கருவியும், கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டுமென ஐரோப்பிய விதிகள் கட்டளையிட்டன. உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்க ‘பலாஸ்ட்’ என்ற பெட்டி ஒன்றும் சேர்ந்தது. வெறும் குமிழாக இருந்த பொருள் ஓர் இயந்திரத் தொகுதியாக வளர்ந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னர், வவுனியாவிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் வழியில், மதவாச்சியைத் தாண்டியபோது என்னுடைய காரின் இடது முகப்பு விளக்கு இளஞ்சிவப்பாக மாறிற்று. பின்னர் துடித்துத் துடித்து அணைந்தது. ஆளியை அணைத்துப் போட்டால் மீண்டும் எரியும். சில நிமிடங்களில் மறுபடியும் அணையும். விளக்கில்லாத உழவு இயந்திரங்களும் மாடுகளும் குறுக்கிடும் வீதியில் ஒற்றைக் கண்ணோடு வாகனம் ஓட்டுவது எத்தகைய அனுபவம் என்பதை அந்த இரவில் அறிந்தேன். எதிரே வருபவர்கள் நம்மை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி மிக அண்மையாக உரசிப் போகிறார்கள்.

கொழும்பில் ஒரு கராஜில் முழு விளக்குத் தொகுதியையும் மாற்றவேண்டும் என்றார்கள். சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. ஒரு நண்பரின் சொற்கேட்டுப் பஞ்சிகாவத்தையில் முதிய மின் திருத்துநர் ஒருவரிடம் போனேன். அவர் விளக்கை அணைத்து, பற்றரியின் இணைப்பைக் கழற்றி, ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். உயர் அழுத்த மின்சாரம் அடங்கவும் குமிழ் ஆறவும் அந்த நேரம் தேவை என்றார். பின்னர் இடது குமிழை வலதிலும் வலது குமிழை இடதிலும் மாற்றிப் பொருத்தி எரிய விட்டார். சிறிது நேரத்தில் வலது பக்கம் சிவந்து அணைந்தது.

“பாத்தீங்களா தம்பி, வருத்தம் குமிழோட சேந்து போட்டுது. பலாஸ்ட் சுகமா இருக்கு” என்றார்.

வருத்தம் குமிழோடு போகாமல் இடது பக்கத்திலேயே தங்கியிருந்தால் பழுது பலாஸ்டில் என்று பொருள். இந்த எளிய சோதனை எனக்குப் பெருந்தொகையை மிச்சப்படுத்தியது. அவர் சோடியாகவே இரண்டு குமிழ்களை மாற்றினார். வயதாக ஆகச் செனன் ஒளியின் நிறமும் அளவும் மாறுவதால் ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு கண்ணும் இரண்டு விதமாகத் தெரியும். கண்ணாடியில் விரல் படாமல் அடியைப் பிடித்தே பொருத்தினார். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டுவிடும். குமிழின் அடியிலிருந்த எழுத்துகளை எனக்கு வாசித்தும் காட்டினார். டி1, டி2 வகைகளில் இரசம் உண்டு. டி3, டி4 வகைகளில் இல்லை, அவை 42 வோல்ட்டில் எரிபவை. டி1, டி3 ஆகியவற்றில் மூட்டும் கருவி குமிழோடு சேர்ந்தே வரும். எஸ் என்பது வில்லையுள்ள விளக்குக்கு. ஆர் என்பது தெறிப்பாடி விளக்குக்கு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. இரசமுள்ள பழைய குமிழை உடைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது.

அந்த முதியவரைப் போன்றவர்கள் இருப்பதால் செனன் விளக்கை இன்னமும் திருத்த முடிகிறது. அடுத்த கட்டம் அவர்களையும் தாண்டிவிட்டது. 2007ஆம் ஆண்டு லெக்ஸஸ் எல்.எஸ். 600எச் காரில் எல்.ஈ.டி. முகப்பு விளக்கு வந்தது. அதன்பின் செனன் படிப்படியாக ஒதுங்கிவிட்டது. பல எல்.ஈ.டி. விளக்குகளில் மாற்றுவதற்குத் தனிக் குமிழே கிடையாது. பழுதானால் முழு விளக்கும் போகவேண்டும்.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. 1940இன் முத்திரையிட்ட விளக்குக்குத்தான் திரும்பி வந்திருக்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. அன்று முழு விளக்கையும் எறியச் சொன்ன அரசு, எல்லாக் கார்களுக்கும் ஒரே விளக்கு என்றும் விதித்தது. இன்று ஒவ்வொரு மொடலுக்கும் ஒவ்வொரு விளக்கு. அன்றைய ஏற்பாட்டின் சுமை மட்டும் திரும்பி வந்திருக்கிறது, பாதுகாப்புத் திரும்பவில்லை.

நம்முடைய நாட்டுக்கு இது வெறும் வசதிப் பிரச்சினையல்ல. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களும் ஜப்பானில் ஓடிப் பழகிய கார்களையே மேலும் பழக்கி ஓட்டினோம். அவற்றிற் பலவற்றில் செனன் விளக்குகள் இருக்கின்றன. உரிய குமிழின் விலைக்கு அஞ்சுகிறவர்கள் ஹலோஜன் விளக்குக் கூட்டுக்குள் மலிவான செனன் குமிழைச் செருகுகிறார்கள். இழைக்காக வடிவமைத்த தெறிப்பாடி மின்வில்லின் ஒளியை ஒழுங்காகக் குவிக்காது. அது எதிரே வருபவரின் கண்ணிற் போய் விழும். திருத்தம் எட்டாத விலைக்குப் போகும்போது, அந்த விலையைச் சில வேளைகளில் எதிரே சைக்கிளில் வருகிற ஓர் ஏழை மனிதர் தம் உயிரால் செலுத்த நேர்கிறது.

பாவித்த கார் வாங்குகிறவர்கள் இயந்திரத்தையும் ரயரையும் பார்ப்பது போல விளக்கின் வகையையும், அதற்குத் தனிக் குமிழ் கிடைக்குமா என்பதையும் விசாரித்து வாங்கவேண்டும். இறக்குமதிக்கு எத்தனையோ நிபந்தனைகள் விதிக்கும் அரசு, விளக்கின் உதிரிப்பாகம் நியாயமான விலைக்குப் பல வருடங்கள் கிடைக்கவேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக்கலாம். எண்பது வருடங்களுக்கு முன்னர் ஏழு அங்குல விளக்கு ஒன்றைக் கொண்டு இதைவிடப் பெரிய காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள்.