சென்ட்ரோமியரின் தோற்றமும் நீடிப்பும்: பிரித்துக் கேட்க வேண்டிய இரு வினாக்கள்

செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் குரோமோசோமைப் பற்றும் இடம் சென்ட்ரோமியர். அந்த இடத்தைத் தீர்மானிப்பது டி.என்.ஏ. வரிசையா, அதன்மேல் அமரும் புரதமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. சென்ட்ரோமியர் எப்படித் தோன்றுகிறது, தோன்றியது எப்படி நிலைக்கிறது என்னும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே அதற்குக் காரணம் என்பது என் வாதம்.

1980இல் லூயிஸ் கிளார்க்கும் ஜான் கார்பனும் ரொட்டி ஈஸ்டின் சென்ட்ரோமியரைப் பிரித்தெடுத்தனர். அங்கே சுமார் 125 கார இணைகளே போதும். அவற்றைச் செருகிய பிளாஸ்மிடும் ஒழுங்காகப் பங்கிடப்படும். மனிதரில் நிலைமை வேறு. நம் சென்ட்ரோமியர்களில் 171 கார இணை அலகுகளாலான ஆல்ஃபா சாட்டிலைட் நீண்டு கிடக்கிறது. ஆயினும் இரண்டு சென்ட்ரோமியர்கள் கொண்ட பிறழ்ந்த குரோமோசோம்களில், வரிசை அப்படியே இருக்க, ஒன்று செயலிழப்பதுண்டு. 1993இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் விவரித்த, 10ஆம் குரோமோசோமிலிருந்து வந்த ஒரு பிறழ் குரோமோசோமோ, ஆல்ஃபா சாட்டிலைட் தென்படாமலேயே முறையாகப் பிரிந்தது.

செயல்படும் இடங்களுக்குப் பொதுவானது, ஹிஸ்டோன் எச்3க்குப் பதிலாக நியூக்ளியோசோமில் அமரும் சென்ப்-ஏ. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய சென்ப்-ஏ இரு பிரதிகளுக்கும் பகிரப்பட்டுப் பாதியாகிறது. மனித செல்லில் அந்தக் குறை உடனே நிரப்பப்படுவதில்லை. சைக்ளின் சார் கைனேஸ்கள் அதைத் தடுக்கின்றன. பிரிவு முடிந்து ஜி1 கட்டம் தொடங்கும்போதுதான் மிஸ்18 தொகுதி பழைய இடத்தை அடையாளம் காண, ஹெச்ஜர்ப் என்ற துணைப் புரதம் புதிய சென்ப்-ஏயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீடிப்புக்கு இந்தச் சுழற்சி போதும். செல் பிரியாதிருக்கும்போது அதுவும் தேவைப்படுவதில்லை: எலியின் கருமுட்டைகளில், புதிதாகச் சேர்க்காமலே சென்ப்-ஏ ஓராண்டுக்கு மேல் நிலைப்பதாக 2016இல் காட்டப்பட்டது.

தோற்றம் கடினமானது. கேண்டிடா அல்பிகான்ஸ் பூஞ்சையின் எட்டு குரோமோசோம்களின் சென்ட்ரோமியர் வரிசைகளும் ஒன்றுக்கொன்று வேறானவை எனக் கௌஸ்துவ் சன்யாலும் சகாக்களும் 2004இல் கண்டனர். தன் இடத்தில் செயல்படும் அதே வரிசையை வெற்று டி.என்.ஏ.வாகச் செல்லுக்குள் செலுத்தினால் சென்ட்ரோமியர் உருவாவதில்லை என்று 2006இல் காட்டினர். இதிலிருந்து வரிசைக்குப் பொருளே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம். சென்ப்-பி புரதத்தைப் பாருங்கள். அதன் மரபணு நீக்கப்பட்ட எலிகள் உயிர்வாழ்ந்து இனப்பெருக்கமும் செய்கின்றன. ஆனால் மனித செல்லில் வெற்று ஆல்ஃபா சாட்டிலைட்டிலிருந்து செயற்கைக் குரோமோசோம் உருவாக்க, அந்தப் புரதம் பற்றும் 17 கார இணைத் தளம் தேவைப்பட்டது. நீடிப்புக்கு வேண்டாதது தோற்றத்துக்கு இன்றியமையாததாகிறது.

2019இல் வந்த சோதனை இந்தப் பிரிவினையை உறுதிப்படுத்துகிறது. ஹெச்ஜர்பைத் தொடக்கத்தில் மட்டும் ஓரிடத்தில் கட்டிவைத்து முதல் சென்ப்-ஏயைப் பதித்தபோது, திரும்பத்திரும்ப வராத வரிசையிலும் செயற்கைக் குரோமோசோம் உருவாகி நிலைத்தது. எனவே வரிசையின் பங்கு, அந்த முதல் பதிவுக்கான வாய்ப்பைக் கூட்டுவதே எனக் கொள்கிறேன். புதிய சென்ட்ரோமியர்கள் அரிதாக இருப்பதற்கும், கேண்டிடாவில் பழையதை நீக்கியபின் அதன் அருகிலேயே புதியது தோன்றுவது பலமுறை காணப்பட்டதற்கும் இந்த விளக்கம் பொருந்துகிறது.