மெருகா, சான்றா? பழங்கால மகிழுந்துகளும் ‘அசல்’ என்ற கேள்வியும்

ஒரு சிறு திருகாணி ஒரு மகிழுந்தின் பரிசைப் பறித்துவிடக்கூடும். சிலுவைப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகாணி மகிழுந்துத் தொழிலுக்குள் நுழைந்தது 1936இல், காடிலாக் நிறுவனத்தின் வழியாக. 1928ஆம் ஆண்டு வண்டியின் கதவில் அது காணப்பட்டால், பிற்காலத்தில் அக்கதவைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பதை நடுவர் அறிந்துகொள்வார்.

எனவே அசல்தன்மைக்கான போட்டிக்கு ஒரு வண்டியை ஆயத்தம் செய்வது, கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலையன்று. அது சுவடிப் பதிப்பாசிரியரின் பணியை ஒத்தது. சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தயாரிப்பாளரின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். குரோமியப் பூச்சு பரவியது 1920களின் இறுதியில் என்பதால், அதற்கு முந்தைய வண்டியின் விளக்குகளில் நிக்கல் பூச்சே பொருந்தும். மின்கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் உறையன்று, நூலுறை வேண்டும். இன்றைய சாயத்தின் கண்ணாடிப் பளபளப்பு, அக்கால ஆலைகள் அறியாதது.

இத்தகைய நுட்பங்கள் மதிப்புப் பெற்றதற்குப் பின்னால் ஒரு கருத்து மாற்றம் உள்ளது. நினைவுச் சின்னங்களின் பாதுகாப்பு குறித்த 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், 1966இல் தோன்றிய பன்னாட்டுப் பழங்கால ஊர்திக் கூட்டமைப்பு (ஃபீவா) பின்னாளில் டுரின் சாசனத்தை உருவாக்கியது. புதுப்பித்தலைவிடப் பாதுகாத்தலே முதன்மையானது என்பது அதன் சாரம். செய்யும் மாற்றங்களை ஆவணப்படுத்துமாறும், புதிதாகப் பொருத்தும் உறுப்புகளில் குறியிடுமாறும் அது கோருகிறது.

1950 முதல் கலிபோர்னியாவில் நடைபெறும் பெபிள் பீச் காட்சியில், 2024இல் முதன்முறையாக, புதுப்பிக்கப்படாத ஒரு வண்டி தலைமைப் பரிசை வென்றது. அது 1934ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59. பந்தய வண்டியாகப் பிறந்து, பின்னர் மாற்றியமைக்கப்பட்டு, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் சென்றது. அவருக்காகப் பூசப்பட்ட கறுப்பு நிறமும் மஞ்சள் கோடும் இன்றும் அதன்மீது உள்ளன. ஆலையை விட்டு வெளிவந்தபோது இருந்த தோற்றம் அதுவன்று. ஆயினும் அதைக் குறையென்று எவரும் கொள்ளவில்லை. அது வரலாறாகவே ஏற்கப்பட்டது.

இந்திய வண்டிகளுக்கு இதே அளவுகோல் கிடைக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாம் உலகப்போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் விற்றது சேசிஸையும் இயந்திரத்தையும் மட்டுமே. மேற்கூட்டை ஹூப்பர், பார்க்கர் போன்ற தனிப் பட்டறைகள் கட்டின. சமஸ்தானங்களுக்கு வந்த சில வண்டிகளுக்கு இங்கேயே மேற்கூடு மாற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உதிரிப் பாகங்கள் அரிதாயின. உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் லேத்தில் கடைந்து செய்த பாகங்களே பல வண்டிகளை ஓட வைத்தன. 1971இல் மன்னர் மானியம் ஒழிந்த பின் கைமாறிய வண்டிகளும் இப்படித்தான் பிழைத்தன. இவற்றில் எந்த ஆண்டின் நிலை ‘அசல்’?

2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸ், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமளவு மாற்றம் பெறாத வண்டிகளையே பழங்கால ஊர்திகளாக ஏற்கின்றன. மோசடியைத் தடுக்க இவ்வரையறை உதவும். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன் தேவையால் நேர்ந்த மாற்றத்தையும், நேற்று விற்பனைக்காகச் செய்த மாற்றத்தையும் அது தனியே பிரித்துக் காட்டுவதில்லை.

ஆலை நிலைக்கு மீட்பதாகக் கருதி, லேத்தில் கடைந்த பாகத்தைக் கழற்றி எறிந்து வெளிநாட்டிலிருந்து ‘சரியான’ பாகத்தைத் தருவிக்கும்போது, எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத ஒரு கைவினைஞரின் ஒரே சான்று அழிகிறது. மன்னரின் வண்ணப்பூச்சு வரலாறு எனில், பட்டறைக்காரரின் பித்தளைப் புஷ்ஷும் வரலாறே. கழற்றியே ஆகவேண்டுமெனில், படமெடுத்து, குறிப்பெழுதி, அப்பாகத்தை வண்டியோடு சேர்த்து வைப்பதே முறை. மதிப்பெண் தாளில் அதற்கும் ஓரிடம் இருந்தால், வண்டியின் பிறப்போடு அதன் இந்திய வாழ்வும் பதிவாகும்.