மின்சார வண்டியும் மண்பாதையும்

மின்சாரத்தில் ஓடும் குட்டி யானை நம் ஊர்ப் பக்கமும் வந்துவிட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை. டவுனுக்குள் ஓடுவதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. பாகூர் பக்கம் மழைக்குப் பிறகு வயலோரத்தில் நெல் மூட்டை ஏற்றப் போனால் என்ன ஆகும், வீராம்பட்டினம் கடற்கரை மணலில் இறங்கினால் திரும்பி ஏறுமா என்பதுதான் கேள்வி. நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்கப்படும் கேள்விதான் இது.

மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மோட்டார் வண்டி எது தெரியுமா? மின்சார வண்டிதான். 1899இல் பாரிசுக்குப் பக்கத்தில் அஷேர் என்ற இடத்தில் பெல்ஜியக்காரர் கமீய் ஜெனாட்சி அதை 105.88 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். வண்டிக்கு 'லா ஜமே கொந்தாந்த்' என்று பெயர். 'ஒருநாளும் திருப்தி அடையாதவள்' என்று பொருள். பிரெஞ்சில் வண்டி பெண்பால். அதனால்தான் 'அடையாதவர்' என்று எழுத முடியவில்லை, பெண் வாசகர்கள் கோபிக்க வேண்டாம்.

அப்படி முன்னால் நின்ற மின்சார வண்டி ஏன் பின்வாங்கியது? காரணங்கள் பல. காட்டுப் பாதையைப் பொறுத்தவரை ஒரு காரணம் போதும். பெட்ரோலைத் தகரத்தில் அடைத்து முன்கூட்டியே அனுப்பி வைக்கலாம், மின்சாரத்தை அப்படி அனுப்ப முடியாது. 1924 அக்டோபரில் சித்ரோயன் கம்பெனியின் எட்டு வண்டிகள் அல்ஜீரியாவின் கொலோம்-பெஷாரிலிருந்து கிளம்பி, சகாராவைக் கடந்தன, அவற்றில் சில அடுத்த ஆண்டு மடகாஸ்கர் வரை போய்ச் சேர்ந்தன. 'க்ருவாசியேர் நுவார்' என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பின்பக்கம் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை சுற்றிய வண்டிகள். அந்தப் பட்டையைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். வழி நெடுக முன்னதாகவே கொண்டுபோய் வைத்த எரிபொருள் கிடங்குகள் இல்லையென்றால் பட்டை மட்டும் என்ன செய்திருக்கும்? 1931இல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங்குக்குக் கிளம்பிய இன்னொரு பயணத்தில், காஷ்மீருக்கு வடக்கே கில்கித் பாதையில் வண்டிகளைக் கழற்றிச் சுமைகூலிகளின் முதுகில் ஏற்ற வேண்டி வந்தது. வண்டியையே மனிதன் சுமந்தான். அங்கேயும் எரிபொருள் ஒட்டகத்தின் மீதாவது போய்ச் சேர முடிந்தது.

பெட்ரோலுக்கு வழியே இல்லாத ஒரு இடத்தில்தான் மின்சார வண்டி மறுபடி மண்ணில் இறங்கியது. அது சந்திரன். காற்று இல்லாத இடத்தில் எஞ்சின் எரியாது. 1971 ஜூலை 31 அன்று ஸ்காட், இர்வின் இருவரும் அப்போலோ 15இல் கொண்டுபோன வண்டியை ஓட்டினார்கள். வண்டியின் எடை 210 கிலோ, ஏற்றக்கூடிய பாரமோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், ஒவ்வொன்றும் கால் குதிரை சக்திதான். நம் வீட்டு மிக்ஸியைவிடப் பெரிய சங்கதி இல்லை. கியர் இல்லை, கிளட்ச் இல்லை. ரப்பர் டயருக்குப் பதில் கம்பி வலை. முதல் நாள் முன்சக்கரத் திருப்பம் வேலை செய்யவில்லை. பின்சக்கரத்துக்கும் தனித் திருப்பம் இருந்ததால் அதை வைத்தே ஓட்டிவிட்டார்கள். குழி, மேடு, மாவு போன்ற தூசி எல்லாவற்றிலும் அது ஏறி இறங்கியது.

அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். வண்டி நின்றுபோனால், கையில் மிச்சமுள்ள பிராணவாயுவோடு நடந்தே திரும்பக்கூடிய தூரத்துக்கு மேல் போகக் கூடாது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 வண்டி மிக அதிகமாகப் போனதே இறங்குகலத்திலிருந்து ஏழரை கிலோமீட்டர் சொச்சம்தான். கரடுமுரடான பாதையில் மின்சார வண்டியின் பலம் சக்கரத்தில் இருக்கிறது, பலவீனம் திரும்பி வருவதில் இருக்கிறது.

பலம் என்ன என்று கேட்டால், டீசல் எஞ்சின் சுற்று ஏறினால்தான் இழுக்கும். மணலில் டிரைவர் கிளட்சைப் பாதி அமுக்கி உறுமவிட்டு, சக்கரம் சுழன்று, குழி பறித்து அச்சு வரை புதைவதைக் கடற்கரைக் குப்பங்களில் பார்த்திருப்பீர்கள். மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுப்பையும் கொடுக்கும், நல்ல வண்டிமாடு முதல் அடியிலேயே நுகத்தை அழுத்துவதுபோல. நத்தை வேகத்திலும் நகர்த்தலாம். 2021இல் அமெரிக்காவில் வந்த ரிவியன் என்ற பிக்கப் வண்டியில் சந்திர வண்டியைப்போலவே சக்கரத்துக்கு ஒரு மோட்டார். காற்று இழுக்கும் குழாய் இல்லாததால் இடுப்பளவுத் தண்ணீரிலும் போகும் என்கிறார்கள். ஆனால் அதன் எடை மூன்று டன்னுக்கு மேல்! பேட்டரியின் பாரம் அது. களிமண் சேற்றில் அந்தப் பாரம் என்ன செய்யும் என்று விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்குக் கிடைப்பது ரிவியன் அல்ல. 2022இல் டாட்டா வெளியிட்ட மின்சார ஏஸ் ஒரு சார்ஜில் 154 கி.மீ. போகும், 22 சதவீத ஏற்றத்தில் ஏறும் என்று கம்பெனி சொல்கிறது. ஏற்றம் நமக்குப் பெரிய விஷயம் இல்லை, நம் ஊரில் மேடு என்றால் கோரிமேடுதான். தூரமும் பாகூருக்குப் பிரச்சினை இல்லை. டவுனிலிருந்து போக 20 கி.மீ., வர 20 கி.மீ. பாரத்தோடு, சேற்றில் திணறி, பாதி சார்ஜ் வீணானாலும் வீடு வந்து சேரலாம். காரைக்கால் வேறு கணக்கு. ஒரு வழியே சுமார் 130 கி.மீ. நான்கு சக்கரத்துக்கும் இழுப்பு இல்லாத வண்டி என்பதையும் மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் வரப்போரம் இறக்காமல் ரோட்டிலேயே நிறுத்தி மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவரச் சொல்வதே நல்லது.

என் கவலை வேறு. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்ததே, அன்று பாகூர் ரோடு, கடலூர் ரோடு எல்லாமே காட்டுப் பாதையாகிவிட்டன. மரம், கம்பம், கம்பி எல்லாம் குறுக்கே. கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீரும் அரிசியும் கொண்டுபோனவை டீசல் வண்டிகள். டிரம்மில் டீசல் வந்தது, வண்டி ஓடியது. கொம்யூன் பஞ்சாயத்துகளின் வண்டிகளெல்லாம் மின்சார வண்டிகளாக இருந்திருந்தால் முதல் நாள் ஓடியிருக்கும், இரண்டாம் நாள் ஷெட்டில் நின்றிருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் வந்த ஃபோர்டு லைட்னிங் என்ற மின்சார பிக்கப் 9.6 கிலோவாட் வரை வெளியே மின்சாரம் கொடுக்கும். புயலடித்த ஊரில் அப்படி ஒரு வண்டி நின்றால் தண்ணீர் மோட்டாரை ஓட்டலாம், ஆஸ்பத்திரியில் ஊசிமருந்துப் பெட்டியைக் குளிராக வைத்திருக்கலாம். ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே கொம்யூனுக்கு வண்டி வாங்கும்போது ஒன்று மின்சாரம், ஒன்று டீசல் என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மின்சார வண்டி மட்டும் வாங்கி, சார்ஜ் செய்ய டீசல் ஜெனரேட்டர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அதற்கு டீசலை நேராக வண்டியிலேயே ஊற்றிவிடலாமே ஐயா என்றேன்.