காது கேளாத ராஜகுமாரி

இரண்டாம் எலிஸபெத் மகாராணியின் பட்டாபிஷேகப் படங்களை நேயர்கள் எங்கேனும் பார்த்திருக்கலாம். 1953ஆம் வருஷம் ஜூன் மாதம் லண்டனில் நடந்த வைபவம். கிரீடமும் வைரமும் வெல்வெட் அங்கியுமாக ஜொலிக்கிற அந்தக் கூட்டத்தில், சாம்பல் நிறத்தில் கன்யாஸ்திரீ உடை தரித்த ஒரு முதிய அம்மாள் நடந்து வருகிறார். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது, ராணிக்குச் சிறு வயதில் பாடம் சொல்லிக் கொடுத்த மடத்துச் சகோதரி யாரோ என்று நினைத்துக் கொண்டேன். அவர்தாம் ராணியின் மாமியார் என்று பிறகு தெரிந்தது. நமக்கும் கொஞ்சம் பழக்கமான குடும்பம்தான். டில்லியில் கடைசி வைஸ்ராயாக இருந்த மௌண்ட்பேட்டனுக்கு அந்த அம்மாள் உடன்பிறந்த தமக்கை.

பெயர் ஆலிஸ். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப்பேத்தி. 1885இல் வின்ட்ஸர் அரண்மனையிலேயே பிறந்தவர். பிறவியிலேயே காது கேளாது. உதட்டசைவைக் கொண்டே பேச்சைப் புரிந்துகொள்ளக் குழந்தையிலேயே பழகிக் கொண்டார். ஆங்கிலமும் ஜெர்மனும் அப்படித்தான் வந்தன. 1903இல் கிரீஸ் தேசத்து இளவரசர் ஆண்ட்ரூவை மணந்த பிறகு கிரேக்க மொழியும் வந்தது. எதிரே இருப்பவர் முகத்தைத் திருப்பிக் கொண்டால் போதும், பாதிப் பேச்சு போய்விடும். இந்தக் குறையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1912இல் பால்கன் யுத்தம் மூண்டதும் இளவரசி யுத்தகள ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். கட்டுக் கட்டுவதும், கைகால் அறுக்கும்போது வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்பதுமாக இருந்தார். அந்தச் சேவைக்குப் பிரிட்டிஷ் மன்னர் பதக்கம் கொடுத்தார். கிரீஸ் கொடுத்தது வேறு. 1917இல் அரச குடும்பம் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் துருக்கியரிடம் பட்ட தோல்விக்கு ஆள் தேடினார்கள். மந்திரிகளும் சேனாபதியுமாக ஆறு பேர் சுடப்பட்டார்கள். ஆண்ட்ரூ உயிர் பிழைத்தது நாடு கடத்தல் தண்டனையால்தான். 1922 டிசம்பரில் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அந்தக் குடும்பம் புறப்பட்டது. கடைக்குட்டி பிலிப்புக்கு ஒன்றரை வயது. ஆரஞ்சுப் பழப் பெட்டியைத் தொட்டிலாக்கிப் படுக்க வைத்திருந்தார்களாம்.

பாரிஸுக்கு அருகே உறவினர் தயவில் வாசம். கிரேக்க அகதிகளுக்கு உதவி செய்யும் ஒரு கடையில் இளவரசி வேலை செய்தார். நாளடைவில் பக்தி முற்றியது. தெய்வம் தம்முடன் பேசுகிறது, தம் கைகளுக்கு நோய் தீர்க்கும் சக்தி வந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். சித்தப்பிரமை என்றார்கள் வைத்தியர்கள். பிராய்டிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அந்த மகா மேதை சொன்ன வழி, கருப்பையை அடுத்த சூலகங்களில் எக்ஸ்-ரே பாய்ச்சுவது. பாய்ச்சினார்கள். 1930ஆம் வருஷம் மே மாதம் ஒரு நாள், குழந்தைகளை வெளியே உல்லாசமாக அழைத்துப் போயிருந்த சமயம், தாயைக் காரில் ஏற்றி ஸ்விட்ஸர்லாந்திலுள்ள மனநோய் விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்த பையனுக்கு வயது எட்டு, ஒன்பது.

அவர் நோயாளியாகவே இருந்திருக்கலாம். அதை மறுக்க நான் வைத்தியனல்ல. இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தார். வெளியே வந்த பிறகும் ஊர் ஊராகத் திரிந்தார். 1937 வரையில் பிலிப்புக்கு அம்மாவிடமிருந்து தகவலே இல்லை. இந்த இடத்தில் மட்டும் என் மனம் இளவரசியோடு ஒட்டுவதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போடப் போகிற அந்தக் கை, சொந்தப் பிள்ளைக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அந்த 1937இலேயே மகள் ஸெஸீலி, கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் அத்தனை பேரும் விமான விபத்தில் மாண்டார்கள். ஆறு வருஷத்துக்குப் பின் ஆலிஸும் கணவரும் சந்தித்தது அந்தச் சவ அடக்கத்தில்தான்.

பிறகு ஏதன்ஸுக்குத் தனியாகத் திரும்பினார். 1941இல் ஜெர்மானியர் நுழைந்தபோது அரச குடும்பத்தார் ஓடிப்போனார்கள். இவர் போகவில்லை. மருமகன்மார் ஜெர்மன் பக்கம், மகன் பிரிட்டிஷ் கடற்படையில். நடுவே பட்டினி கிடக்கும் நகரத்தில் தாய். அந்தக் குளிர்காலத்தில் பல்லாயிரம் பேர் பசியால் மாண்டார்கள். இளவரசி கஞ்சித் தொட்டிகள் நடத்தினார். அநாதைக் குழந்தைகளுக்கு இடம் தேடினார். தங்கையைப் பார்க்கிற சாக்கில் ஸ்வீடனுக்குப் போய் மருந்துகள் கொண்டுவந்தார். ஜெர்மன் தளபதி ஒருவர் மரியாதைக்காக வந்து, தம்மால் ஆக வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். 'உண்டு, உங்கள் பட்டாளத்தை என் நாட்டைவிட்டுக் கூட்டிப் போகலாம்' என்பது பதில்.

1943 இலையுதிர் காலத்தில் ஏதன்ஸிலும் யூதர்களைத் தேடத் தொடங்கினார்கள். முன்பு அரச குடும்பத்துக்கு உதவிய ஹைமாக்கி கோஹென் என்பவர் காலமாகியிருந்தார். அவருடைய மனைவி ரேச்சல், ஒரு மகளோடு இளவரசியின் வீட்டில் அடைக்கலம் புகுந்தாள். பின்னால் ஒரு மகனும் வந்து சேர்ந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அவர்களை ஒளித்து வைத்திருந்தார். கெஸ்டாபோக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். உதட்டசைவைக் கொண்டு மூன்று மொழி அறிந்த அந்த அம்மாளுக்கு அன்றைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப் போனார்கள். இப்படி ஒரு கட்டத்தை நான் நாவலில் வைத்தால், சௌகரியமான இடத்தில் காது செவிடாகிறதே என்று விமரிசகர்கள் கேலி செய்வார்கள்!

1944 டிசம்பரில், உள்நாட்டுச் சண்டை நடக்கும் வீதிகளில் ரொட்டி எடுத்துக்கொண்டு போனபோது, குண்டு படுமே என்று தடுத்தார்கள். கொல்லப் போகிற குண்டின் ஓசை யாருக்கும் கேட்பதில்லையாம், எனக்குத்தான் எப்படியும் கேட்காதே என்றாராம்.

யுத்தம் முடிந்ததும் மிச்சமிருந்த வைரங்களில் சில பிலிப்பின் நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் போயின. 1949இல் நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய ஒரு சகோதரிகள் சங்கம் தொடங்கினார். சிகரெட் பிடித்துச் சீட்டாடுகிற கன்யாஸ்திரீயை எங்கே கண்டது என்று அவருடைய தாயாரே பரிகாசம் செய்தார். சங்கத்தில் சேர ஆள் கிடைக்காமல் அது நின்று போயிற்று. 1960இல் ராஜகுமாரி அம்ருத் கௌரின் அழைப்பின்பேரில் நம் நாட்டுக்கும் வந்தார். நம் சமய தத்துவங்களில் அவருக்கு ஈடுபாடு. உடம்பு திடீரென்று கெட்டதால் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

1967இல் கிரீஸில் ராணுவ ஆட்சி வந்ததும் மறுபடியும் புறப்பாடு. இந்தத் தடவை மகன் வீட்டுக்கு. அதாவது பக்கிங்ஹாம் அரண்மனைக்கு. 1969 டிசம்பரில் அங்கேதான் காலமானார். எல்லாவற்றையும் தானம் செய்திருந்ததால் மிஞ்சிய சொத்து மூன்று வீட்டு அங்கிகள். கோஹென் குடும்பத்தைப் பற்றி அவர் பேசிக் கொண்டதே இல்லை. 1993இல் இஸ்ரேல் அவரை கௌரவிக்கத் தீர்மானித்து, அடுத்த வருஷம் பிலிப் எருசலேமுக்குப் போனபோது, அம்மாவுக்கு அது ஒரு விசேஷமான காரியமாகவே தோன்றியிராது என்று சொன்னார்.

ரஷ்யப் புரட்சியில் கொல்லப்பட்ட தம் சிற்றன்னையின் அருகில், எருசலேமில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது ஆலிஸின் ஆசை. அவ்வளவு தூரம் எப்படியம்மா வந்து பார்ப்போம் என்று மகள் குறைப்பட்டுக் கொண்டாள். 'என்ன பேச்சு இது, நல்ல பஸ் வசதி இருக்கிறதே!' என்றார் தாய்.

வின்ட்ஸரில் வைத்திருந்த உடலை 1988ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் எருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸுக்குப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.