முதல் நரம்பின் சோதனை

மூளையோடு நேரடியாக இணையும் 12 இணைக் கபால நரம்புகளுள் முதல் எண்ணைப் பெற்றது முகர்வு நரம்பு; எனினும் மருத்துவர்களின் பரிசோதனைக் குறிப்புகளில் நெடுங்காலம் பெரும்பாலும் வெற்றிடமாக விடப்பட்டதும் அதற்குரிய வரிதான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண் மருத்துவர் ஸ்னெல்லன் பார்வையை அளக்க 1862இல் வகுத்த எழுத்துப் பலகை உலகெங்கும் கண் மருத்துவமனைகளின் சுவரில் ஏறிவிட்ட நிலையில், பின்னாளில் அதே நகரின் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் பேராசிரியரான ஹென்ட்ரிக் ஸ்வார்டெமேக்கர் 1888இல் அமைத்த முகர்வுமானி ஆய்வுக்கூடங்களைத் தாண்டி அதிகம் வெளியே வரவில்லை.

அக்கருவியின் அமைப்பு எளிமையானது. மணமுள்ள பொருளால், பெரும்பாலும் ரப்பரால், ஆன உருளைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் நகரும். குழாயின் வளைந்த முனை மூக்கில் பொருந்தும். உருளையை எவ்வளவு முன்னே தள்ளுகிறோமோ அவ்வளவு நீளத்துக்கு அதன் உட்பரப்பு உள்ளிழுக்கும் காற்றில் படும். எந்த நீளத்தில் மணம் முதன்முதலாக உணரப்படுகிறதோ அதுவே அம்மனிதரின் உணர்வுத் தொடக்க அளவு எனப்பட்டது. முகர்திறன் எண்ணால் சொல்லத்தக்க ஒன்றாயிற்று என்பதே இதன் பெருமை.

நோயாளியின் படுக்கையருகில் நடந்ததோ வேறு. காப்பித்தூள், கிராம்பெண்ணெய், பெருங்காயம் போன்றவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்து, ஒரு நாசித்துளையை மூடி மறு துளையில் காட்டி, தெரிகிறதா என்று கேட்பதே வழக்கம். இதில் அம்மோனியாவைப் பயன்படுத்தலாகாது. அதன் நெடியை முகத்தின் தொடுவுணர்வுக்குரிய முப்பிரிவு நரம்பும் உணர்ந்துவிடுவதால், மணமே அறியாதவரும் முகத்தைச் சுளிப்பார். அம்மோனியாவுக்கும் எதுவும் தெரியவில்லை என்பவர் நடிக்கிறாரோ என்ற ஐயம் இங்கிருந்தே பிறந்தது.

சளிக்காய்ச்சலில் மணம் தெரியாமற்போவது யாவரும் அறிந்தது என்பதாலேயே, அதை அளக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். மூக்கடைப்பால் காற்று மேலே செல்லாமையும், வைரஸ் முகர்வுச் சவ்வையே சிதைப்பதும் வெவ்வேறு நிலைகள். முன்னது அடைப்பு நீங்கினால் தீரும், பின்னது மாதக்கணக்கில் நீடிக்கலாம். சளி தீர்ந்த பின்னும் முகர்திறன் மீளாதவர்களின் மூக்குநீரை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், சளிக்குக் காரணமான ரைனோ வைரஸோடு பழைய கொரோனா வைரஸ் வகை ஒன்றையும் 2007இலேயே கண்டறிந்திருந்தனர். அச்செய்தி அன்று மூக்கு மருத்துவர்களின் வட்டத்தைத் தாண்டவில்லை.

மருத்துவமனைக்கு ஏற்ற அளவுகோல் 1984இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி குழுவினரிடமிருந்து வந்தது. மணத்துளிகளைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுறைகளில் அடைத்துத் தாளில் பூசி, சுரண்டினால் மணம் எழுமாறு செய்த 4 சிறு புத்தகங்களில் 40 வினாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 4 விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சோதனை திறமையானதே, ஆயினும் அது அமெரிக்க மூக்குக்குரியது. ரூட் பீர், டில் ஊறுகாய் போன்ற மணங்களை நம்மவர் பிழையாகச் சொன்னால் அது நோயாகாது. வின்டர்கிரீன் எண்ணெய் அங்கே மிட்டாயை நினைவூட்டும், இங்கே வலித்தைலத்தை. ஜெர்மனியில் கோபாலும் ஹும்மலும் 1990களில் உருவாக்கிய, மையின் இடத்தில் மணம் நிரப்பிய பேனாக்கள், பெயர் சொல்லும் சோதனையோடு தொடக்க அளவையும் மணங்களை வேறுபடுத்தும் திறனையும் சேர்த்து 48 மதிப்பெண்ணுக்கு அளந்தமையால், மேலும் நுட்பமானவை.

எனவே 2020இல் கருவிகள் இல்லாமல் இல்லை; அவற்றைக் கையிலெடுக்கும் பழக்கமே இல்லை. மார்ச் மாதத்திலேயே பிரிட்டனின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எச்சரித்தும், அந்நாட்டு அரசு மே 18ஆம் நாளும் இந்திய அரசு ஜூன் 13ஆம் நாளும்தான் முகர்விழப்பைக் கோவிட் அறிகுறிகளில் சேர்த்தன. தெஹ்ரான் மருத்துவமனை ஒன்றில் 60 நோயாளிகளிடம் அந்த 40 வினாச் சோதனையை நடத்தியபோது 59 பேருக்கு ஏதோ ஒரு குறை வெளிப்பட்டது. நலமானவர்களின் சராசரி 34 மதிப்பெண் என்றால் இவர்களுடையது 21. குறை இருப்பதைத் தாமாகச் சொன்னவர்களோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. வாயால் கேட்பதும் கருவியால் அளப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வைரஸ் தாக்குவது பெரும்பாலும் முகர்வு நரம்பணுக்களை அல்ல, அவற்றைத் தாங்கி ஊட்டும் துணையணுக்களை என்பதும் அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிந்தது. பலருக்குச் சில வாரங்களில் மணம் மீண்டதன் காரணத்தை அது ஓரளவு விளக்குகிறது.

2020ஆம் ஆண்டிலேயே புனேயின் ஐசர் எனும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் நிக்சன் ஆபிரகாம் குழுவினர், செறிவைக் கட்டுப்படுத்தி மணங்களைச் செலுத்தும் கருவியொன்றால், அறிகுறி ஏதுமில்லை என்று கருதப்பட்ட தொற்றாளர்களிடமும் முகர்திறன் குறைந்திருப்பதை அளந்து காட்டினர். ஆகவே, காய்ச்சல்மானியைப் போல முகர்வுச் சோதனைப் பெட்டி ஒன்று ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வேண்டும். அதிலுள்ள மணங்கள் கிராம்பு, பெருங்காயம், மல்லிகை, மண்ணெண்ணெய் என நோயாளி சிறுவயது முதல் அறிந்தவையாக இருக்க வேண்டும்.