வானத்துப் புதிர்கள் – 9: தட்டு பறந்த கதை

1947 ஜூன் 24, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த பிற்பகல். கென்னத் அர்னால்டு தன் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு செஹேலிஸிலிருந்து யாகிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். வயது 32. தீயணைப்புக் கருவி விற்பது தொழில். போகிற வழியில் ரெய்னியர் மலையை ஒரு சுற்றுச் சுற்றினார். காரணம் இருந்தது. முந்தைய டிசம்பரில் 32 மரைன் வீரர்களோடு அங்கே ஒரு ராணுவ விமானம் காணாமல் போயிருந்தது. கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு.

மணி மூன்றை நெருங்கும் நேரம். பளிச்சென்று ஓர் ஒளி கண்ணில் அடித்தது. வடக்கே பேக்கர் மலைப் பக்கமிருந்து ஒன்பது பொருள்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கண்ணாடியில் விழுந்த பிரதிபலிப்போ என்று ஜன்னலைத் திறந்தும் பார்த்துவிட்டார். ஒன்றுக்கும் வால் தெரியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. மனிதர் சும்மா இருக்கவில்லை. ரெய்னியரிலிருந்து ஆடம்ஸ் மலையை அவை கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். 1 நிமிடம் 42 நொடி. கணக்கு மணிக்கு 1,600 மைலைத் தாண்டியது. தனக்கே நம்பிக்கை வராமல் 1,200 என்று குறைத்துச் சொன்னார். அதுவே அன்றைக்கு நடக்காத காரியம். சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியது அந்த ஆண்டு அக்டோபரில்தான்.

மறுநாள் ஓரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ஊரில், 'ஈஸ்ட் ஓரிகோனியன்' பத்திரிகை அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பில் பெக்வெட் என்ற செய்தியாளர் அதைச் சின்னச் செய்தியாக எழுதி அசோசியேட்டட் பிரஸ்ஸுக்கு அனுப்பினார். அதில் 'சாஸர் போன்ற' பொருள்கள் என்று இருந்தது. ஓரிரு நாளில் தலைப்புச் செய்திகளில் 'ஃப்ளையிங் சாஸர்' பிறந்துவிட்டது.

நான் சொன்னது அதுவல்ல என்றார் அர்னால்டு. தண்ணீர்மேல் சாஸரை வீசினால் எப்படித் தத்தித் தத்திப் போகுமோ, அப்படிப் பறந்தன என்றேன். அசைவைச் சொன்னேன், வடிவத்தை அல்ல என்று 1950இல் வானொலிக்காரர் எட்வர்ட் மரோவிடம் விளக்கினார். ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படமும் முழு வட்டமில்லை: முன்பக்கம் வளைவு, பின்பக்கம் கூம்பல். அதற்காகப் பழி முழுவதையும் செய்தியாளர் தலையில் போடுவதும் நியாயமாகப் படவில்லை. அந்த முதல் நாள்களில் அர்னால்டு வாயிலிருந்தே தட்டையான பாத்திர உவமை ஒன்றும் வந்திருக்கிறது.

எனக்கு வியப்பெல்லாம் அடுத்து நடந்ததில்தான். அர்னால்டு பார்த்தது வட்டம் இல்லையென்றால், அதன்பின் சில வாரங்களில் அமெரிக்கா முழுக்க மக்கள் வட்டத் தட்டுகளாகவே பார்த்தது எப்படி? பத்திரிகையில் வந்த பிழைக்கு ஏற்றபடி வேற்றுக்கிரகத்தார் கப்பலை மாற்றிக் கட்டினார்களா? பேப்பர் படித்தவர் கண்ணுக்குப் பேப்பரில் வந்த வடிவமே தெரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அர்னால்டு கண்டது என்ன என்பதில் இன்றும் இழுபறிதான். விமானப்படையின் 'புளூ புக்' கோப்பு அதைக் கானல் தோற்றம் என்று முடித்தது. வெயிலில் மின்னிய கூழைக்கடாக்கள் என்பார் உண்டு. அருகில் பறந்த பறவையைத் தூரத்துப் பொருள் என்று எண்ணிவிட்டால் வேகக் கணக்கு தானாக வீங்கும். பறவைக்கட்சி சொல்வது அது. அர்னால்டோ 1984இல் இறக்கும்வரை எந்த விளக்கத்துக்கும் மசியவில்லை.

நம் 'பறக்கும் தட்டு' அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்பு. பிழையும் கூடவே கப்பலேறி வந்துவிட்டது. குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசி எத்தனை தத்து என்று எண்ணிய எவரும் அர்னால்டு சொல்ல வந்ததைச் சட்டென்று பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கிடையே, சரியாக இரண்டே வாரத்தில், ஜூலை 8 அன்று நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் ராணுவ விமானத்தளம் ஓர் அறிக்கை விட்டது: பறக்கும் தட்டு ஒன்று எங்கள் கையில் இருக்கிறது!

(தொடரும்)